பதினோரு தோல்விகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

பெறுநர்:
என்சிஏஏ முதல் பிரிவு மல்யுத்தக் குழுவினர்,
அவர்களுக்குத் தரவரிசை போட்டுத் தரும் கல்லூரிப் பயிற்சியாளர்கள்.

வணக்கம்.

நான் மல்லனும் அல்ல, பயிற்சியாளனும் அல்ல. பென்சில்வேனியாவில் பெத்லகேம் என்ற ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். பக்கத்து ஊர் நாசரேத். வந்த புதிதில் பெயர்களைக் கேட்டு, ஜெபக்கூட்டத்துக்குப் பேர்போன பகுதி போலிருக்கிறது என்று நினைத்தேன். குளிர்காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் உண்மையில் கூடுவது பள்ளிக்கூட மல்யுத்தக் கூடங்களில். என் மகன் ஏழு வயதில் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போன என்னைப் பார்த்து, “சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்று யாரோ ஒரு கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் ரைடிங் டைம் பார்க்கிறவன். பள்ளிப் போட்டி, கல்லூரிப் போட்டி என்று எங்கே கூப்பிட்டாலும் போய் மேசையில் உட்காருவேன். கூலி ஒரு சாண்ட்விச்சும் காபியும்.

தமிழில் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு, முதல் பிரிவு அதன் மேல்மட்டம். கல்லூரி மல்யுத்தத்தில் ஒருவர் மேலே இருந்து மற்றவரை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கும் நேரத்தைத் தனியாக எண்ணுவார்கள். மூன்று பீரியடாக நடக்கும் ஏழு நிமிட ஆட்டம் முடியும்போது ஒருவருடைய நேரம் மற்றவருடையதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தால் ஒரு புள்ளி. அதை எண்ணுவதுதான் என் வேலை. புள்ளிப் பலகையில் தெரியாத ஒன்று அந்தக் கடிகாரத்தில் தெரியும். யாருக்கு எந்த நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது என்பது.

இந்த மடலின் சாரத்தை ஆங்கிலத்தில் ஒரே பக்கமாகச் சுருக்கி உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். முழுவதையும் தமிழில் எழுதுவதற்குக் காரணம், எனக்குச் சண்டை போட வருவது இந்த மொழியில்தான். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இப்போது மல்யுத்தம் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிகள் போனில் “தம்பிக்கு அடிபடாதா?” என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டிக்கு முன், ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரே வாக்குவாதம். “எங்கள் பையன் ஒன்பது பேரிடம் தோற்றிருக்கலாம். ஆனால் அவன் மோதியது யார் யாரோடு என்று பாருங்கள். உங்கள் பையன் சப்பை அணிகளோடு மோதி 25-0 வைத்திருக்கிறான். மார்ச்சில் தெரியும் சங்கதி.” இந்தப் பேச்சை அரங்க வாசலில் கேட்டிருக்கிறேன், பெட்ரோல் பங்கில் கேட்டிருக்கிறேன், ஒரு முறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்தபடியும் கேட்டிருக்கிறேன். கடினமான அட்டவணைதான் தேசியப் போட்டிக்குத் தயார்செய்கிறது என்பது ஒரு கட்சி. உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு மார்ச்சுக்குப் போவதே புத்திசாலித்தனம் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

மகன் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் பிரிவில் மல்யுத்தம் வைத்திருக்கும் ஏறக்குறைய 80 கல்லூரிகளில் ஒன்று, பெரிய கான்ஃபரன்ஸில் (கல்லூரிகள் சேர்ந்து மோதும் லீக்) இல்லாத ஒன்று. அவன் 149 பவுண்டு எடைப்பிரிவு. மூன்றாம் ஆண்டில் அவனுடைய பயிற்சியாளர், பெரிய ஆட்களோடு மோதினால்தான் பெரிய ஆளாகலாம் என்று டிசம்பர் முழுக்க ஊர் ஊராகக் கூட்டிப் போனார். அந்த வருடம் 17 வெற்றி, 11 தோல்வி. அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேர் மார்ச்சில் தேசியப் போட்டிக்குப் போனார்கள். இவன் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தான்.

நான்காம் ஆண்டில் அதே பயிற்சியாளர், பாவம் மனிதர், உட்கார்ந்து கணக்குப் போட்டார். கடினமான இரண்டு போட்டிகளை எடுத்துவிட்டு, ஜெயிக்கக்கூடிய இருதரப்பு மோதல்களைச் சேர்த்தார். ஜனவரியில் ஒரு பலமான எதிராளி வந்தபோது இவனை இறக்காமல் உட்காரவும் வைத்தார். 24 வெற்றி, 5 தோல்வி. இடம் கிடைத்தது. வியாழக்கிழமை காலை முதல் சுற்றில் தோற்றான், அன்று இரவே தோற்றவர்களுக்கான ஆறுதல் சுற்றிலும் தோற்றான். பதினைந்து வருட உழைப்பு ஒரே நாளில், இரண்டே ஆட்டத்தில் முடிந்தது.

திரும்பி வரும்போது காரில் வெகுநேரம் பேசவில்லை. டோல் பிளாசா தாண்டியதும் சொன்னான்: “அப்பா, மூணாவது பீரியட்ல என்ன செய்யறதுன்னே தெரியல. அந்த மாதிரி ஒரு மூணாவது பீரியட் இந்த வருஷம் எனக்கு வரவே இல்ல.”

கடிகாரம் பார்க்கிறவன் நான். எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவன் ஜெயித்த 24 ஆட்டங்களில் பாதிக்கு மேல் இரண்டாவது பீரியடிலேயே முடிவு தெரிந்துபோனவை.

இதை வைத்து, கடின அட்டவணைக் கட்சிக்கு ஓட்டுக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கட்சியின் பெரிய ஆதாரம் என்ன? பிக் டென். 2007 முதல் 2025 வரை நடந்த பதினெட்டு தேசியப் போட்டிகளிலும் அணிப் பட்டம் அந்தக் கான்ஃபரன்ஸுக்குத்தான் போனது: மினசோட்டா, அயோவா, பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட். (2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை.) ஜனவரி, பிப்ரவரி முழுக்க ஒருவரையொருவர் அரைத்துக்கொள்வதால்தான் மார்ச்சில் இரும்பாக நிற்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாட்டிலேயே சிறந்த பள்ளி மல்லர்கள் முதலில் அங்கே சேர்கிறார்கள், அதனால்தானே அந்த அட்டவணை கடினமாகிறது? அட்டவணையால் தேறினார்களா, தேறினவர்கள் கூடியதால் அட்டவணை கடினமானதா? வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு ஒரே ஒரு முறை வந்தது. 2021. கொரோனாவால் பருவமே ஜனவரியில்தான் தொடங்கியது. பிக் டென் அணிகள் தங்களுக்குள் மட்டுமே மோதின. வழக்கமான டிசம்பர் போட்டிகள் இல்லை, மோதல்களின் எண்ணிக்கை வழக்கத்தில் பாதிகூட இல்லை. அப்படியும் மார்ச்சில் செயின்ட் லூயிஸில் அயோவா 129 புள்ளிகளோடு பட்டம் வென்றது, பென் ஸ்டேட் 113.5 புள்ளிகளோடு இரண்டாவதாக வந்து நான்கு தனிநபர் சாம்பியன்களைக் கொடுத்தது. அட்டவணை சுருங்கியது, வரிசை மாறவில்லை.

அதே அரங்கில் 165 பவுண்டில் ஜெயித்தவர் ஷேன் கிரிஃபித், ஸ்டான்ஃபோர்டு. அந்தப் பல்கலைக்கழகம் மல்யுத்தத்தையே மூடப்போவதாக அறிவித்திருந்த நேரம். கல்லூரிப் பெயர் இல்லாத வெறும் கறுப்பு உடுப்பில் இறங்கி ஜெயித்தார். அவருக்கும் அந்த வருடம் மோதக் கிடைத்த ஆட்டங்கள் சொற்பம், பிக் டென் மாதிரி அரைத்தெடுக்கும் வாரங்கள் அறவே இல்லை. (பிறகு ஸ்டான்ஃபோர்டு மனம் மாறி மல்யுத்தத்தைத் தொடர்ந்தது. அது வேறு கதை, ஆனால் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.)

பென் ஸ்டேட் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேல் சாண்டர்சன் பயிற்சியாளரானபின் 2011 தொடங்கி 2025 வரை பன்னிரண்டு பட்டங்கள். 2024இல் 172.5 புள்ளி. இரண்டாவதாக வந்த கார்னெலுக்கும் அவர்களுக்கும் இடைவெளி சரியாக நூறு. 2025இல் 177, அதுவும் பத்து எடைப்பிரிவிலும் இறங்கிய பத்துப் பேரும் முதல் எட்டு இடங்களுக்குள். இந்த அணியைப் பற்றி மற்ற அணி ரசிகர்கள் வருடா வருடம் சொல்லும் குறை என்ன தெரியுமா? கான்ஃபரன்ஸுக்கு வெளியே இவர்கள் மோதுவது குறைவு, எளிய ஆட்களாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்பதுதான்.

சரி, அங்கே பையன்கள் எப்படித் தயாராகிறார்கள்? 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கான்சாஸ் சிட்டி. 149 பவுண்டு, என் மகனின் எடை, அதனால் கண் கொட்டாமல் பார்த்தேன். பென் ஸ்டேட்டுக்காக இறங்கியவர் டைலர் கசாக், முதலாண்டு மாணவர். முன்வரிசை மல்லர் காயப்பட்டு வெளியேறியதால் இடையில் அந்த இடத்துக்கு வந்தவர். ஒரு முழுப் பருவத்தின் கடின அட்டவணை அவருக்கு வாய்க்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அதன்பிறகு ஆறுதல் சுற்றுகளில் வரிசையாக ஏழு பேரை ஜெயித்து மூன்றாம் இடம் பிடித்தார். ஏழு! தோற்ற கையோடு, மூன்று நாளில், ஒருவர்பின் ஒருவராக.

அந்தப் பையனைத் தயார்செய்தது எந்த அட்டவணை? எனக்குத் தெரிந்த பதில், பயிற்சி அறை. அதே கூடத்தில்தான் நிட்டனி லயன் கிளப்பின் ஆட்களும் பயிற்சி செய்கிறார்கள். ரியோ ஒலிம்பிக் தங்கம் கைல் ஸ்னைடர், டோக்கியோ தங்கம் டேவிட் டெய்லர் (2024இல் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராகப் போகும்வரை) என்று ஆட்கள் நடமாடும் இடம். அங்கே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, மற்றவர்களுக்கு இறுதிப் போட்டி. தினமும் தோற்கலாம், யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். மறுநாள் அதே ஆளிடம் திரும்பிப் போகலாம்.

உங்கள் ஏட்டில் அந்தத் தோல்விகள் ஏறுவதில்லை. என் மகனுடையவை மட்டும் ஏறின. சிறிய கல்லூரியில் அப்படி ஒரு அறை கிடையாது, அவனுக்கு டிசம்பர் போட்டிகள்தான் அந்த அறை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். கடினமான கான்ஃபரன்ஸிலேயே இருந்துகொண்டு, சோதனையே இல்லாமல் மார்ச்சுக்கு வருபவர்கள் உண்டு. 2025இல் ஃபிலடெல்ஃபியா அரங்கில், கூரையைத் தொட்டுவிடும் உயரத்தில் ஒரு இருக்கையில் இருந்தேன். கடைசி ஆட்டம் ஹெவிவெயிட். ஒரு பக்கம் மினசோட்டாவின் கேபிள் ஸ்டீவ்சன், டோக்கியோ தங்கம், ஏற்கெனவே இரண்டு முறை தேசிய சாம்பியன், அந்த வருடம் தோல்வியே இல்லை. மறுபக்கம் ஓக்லஹோமா ஸ்டேட்டின் வயட் ஹெண்ட்ரிக்சன். ஸ்டீவ்சன் அந்தப் பருவத்தில் ஜெயித்தவற்றில் பெரும்பாலானவை ஒருதலையானவை. ஒரு புள்ளி வித்தியாசத்தில், கடைசி நிமிடத்தில், மூச்சு இரைக்க நின்று காப்பாற்ற வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. அன்று வந்தது. கடைசி அரை நிமிடத்துக்குள் ஹெண்ட்ரிக்சன் காலைப் பிடித்து வீழ்த்தினார். 5-4. பக்கத்து இருக்கைக்காரர் தன் பாப்கார்னை என் மேல் கொட்டினார், இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

இதைவிடப் பழைய கதை உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1970, எவன்ஸ்டன். அயோவா ஸ்டேட்டின் டேன் கேபிள் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்த்து 181 ஆட்டம் தோற்காமல் வந்து, தன் கல்லூரி வாழ்வின் கடைசி ஆட்டத்தில் வாஷிங்டனின் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றார். இரண்டு வருடம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கியதும் அதே மனிதர். 181 வெற்றி சொல்லிக் கொடுக்காததை அந்த ஒரே தோல்வி சொல்லிக் கொடுத்தது என்று வாதாடுபவர்கள் பலர். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அவர் அதற்கு முன்பும் பைத்தியம் பிடித்தவர்போல்தான் பயிற்சி செய்தார்.

2023, டல்சா. மூன்று முறை சாம்பியனான அயோவாவின் ஸ்பென்சர் லீ, நான்காவது பட்டத்துக்கு இரண்டு ஆட்டமே பாக்கி. அரையிறுதியில் பர்டூவின் மாட் ராமோஸ் கடைசி நொடிகளில் அவரை மல்லாத்தினார். ஆனால் அந்த 125 பவுண்டுப் பட்டத்தை வாங்கிப் போனது பிக் டென் அல்ல. பிரின்ஸ்டனின் பாட் குளோரி. அவர் முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் தோற்றவர். அடுத்த ஆண்டு அதே எடையில் அரிசோனா ஸ்டேட்டின் ரிச்சர்ட் ஃபிகரோவா ஜெயித்தார். அப்போது அவர்கள் இருந்தது ஒரு கைப்பிடி மல்யுத்த அணிகள் மட்டுமே மிஞ்சியிருந்த பாக்-12 கான்ஃபரன்ஸில்.

ஆகவே என் கட்சி இது. அட்டவணை எவ்வளவு கடினம் என்பது தவறான கேள்வி. மார்ச்சில் என்ன நடக்குமோ அதை அந்தப் பையன் முன்பே ஒரு முறையாவது பட்டிருக்கிறானா என்பதுதான் கேட்க வேண்டியது.

மார்ச்சில் என்ன நடக்கிறது? ஒரு எடைக்கு 33 பேர். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் காலையில் எடை பார்க்க வேண்டும். சாம்பியன் ஆக ஐந்து ஆட்டம். முதல் சுற்றில் தோற்றவன் மூன்றாம் இடம் வர எட்டு ஆட்டம். காலையில் தோற்றால் இரவே மறுபடி இறங்க வேண்டும், இன்னொன்று தோற்றால் வீடு. வெள்ளி இரவு ஒரு சுற்று இருக்கிறது, அதற்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் ‘ரத்தச் சுற்று’. ஜெயித்தால் முதல் எட்டுக்குள் வந்து ஆல்-அமெரிக்கன், பெயர் கல்லூரிச் சுவரில் ஏறும். தோற்றால் ஒன்றுமில்லை. ஒன்பதாம் இடம் என்று ஒரு இடமே கிடையாது. அந்தச் சுற்றில் பையன்கள் அழுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அழுதபின் அரைமணி நேரத்தில் சிரித்துப் பேசுபவனும் உண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து உடுப்பை மாற்றாமலே இருப்பவனும் உண்டு.

இப்போது வருடாந்தர நாட்காட்டியைப் பாருங்கள். தோற்றுத் திரும்பி வரும் அனுபவத்தைத் தருவது டிசம்பர் போட்டிகள்: லாஸ் வேகஸில் கிளிஃப் கீன், 1963இல் தொடங்கிய மிட்லாண்ட்ஸ், ஆண்டுப் பிறப்பையொட்டிய சதர்ன் ஸ்கஃபிள். இவற்றிலும் பெரிய அணிகள் இப்போது சிதறிவிட்டன. மிட்லாண்ட்ஸின் தூண்களில் ஒன்றாக இருந்த அயோவா 2022 முதல் தன் ஊருக்குப் பக்கத்திலேயே நடக்கும் சோல்ஜர் சல்யூட்டுக்குப் போகிறது. ஜனவரி பிறந்தால் கான்ஃபரன்ஸ் போட்டி வரும்வரை பெரும்பாலும் இருதரப்பு மோதல்தான். ஒரு இரவு, ஒரு ஆட்டம், பேருந்து, தூக்கம். அந்த ஒரு ஆட்டம் நாட்டின் முதல்நிலை ஆளோடு இருந்தாலும், காலையில் தோற்று இரவில் எழும் பயிற்சி அதில் கிடைப்பதில்லை. ‘கடினம்’ என்று நீங்கள் அளப்பது எதிராளியின் பெயரை. நாளின் கடினத்தை யாரும் அளப்பதில்லை.

மோதல்களைக் கண்டபடி கூட்டுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு போட்டி நாளும் இன்னொரு முறை எடை இறக்கும் நாள். 1997 கடைசியில் ஆறு வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்லர்கள் எடை குறைக்கும் முயற்சியில் செத்துப்போனார்கள். அதன்பிறகு நீங்கள் விதிகளை மாற்றினீர்கள், எடை பார்ப்பதை ஆட்டத்துக்கு அருகே கொண்டு வந்தீர்கள், எவ்வளவு வேகமாக இறக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தீர்கள். அதற்காக என் மனைவி இன்றும் உங்களை வாழ்த்துகிறாள். எங்கள் வீட்டில் அவளுக்கு மல்யுத்தம் என்றால் சோற்றுத்தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளை, அவ்வளவுதான்.

இனி உங்கள் ஏட்டுக்கு வருகிறேன். ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஒரு எடையில் எத்தனை நேரடி இடம் என்று நீங்கள் முடிவுசெய்ய மூன்று அளவுகோல்: முதல் பிரிவு ஆட்டங்களில் வெற்றி விகிதம், ஆர்பிஐ என்ற மதிப்பீட்டு எண், பயிற்சியாளர்களின் தரவரிசை. மூன்றில் இரண்டைத் தொட்ட ஒவ்வொரு மல்லருக்கும் அவருடைய கான்ஃபரன்ஸுக்கு ஒரு இடம் கூடும். வெற்றி விகிதத்தின் கோடு .700, அதாவது பத்துக்கு ஏழு.

ஆர்பிஐ இருக்கிறதே, அது எதிராளியின் பலத்தைப் பார்க்கிறதே என்பீர்கள். பார்க்கிறது. நல்ல ஆளிடம் தோற்றாலும் அதில் கொஞ்சம் ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளியில் தோற்றதும் நாற்பது நொடியில் மல்லாந்ததும் அதற்கு ஒன்றேதான். பயிற்சியாளர்களின் தரவரிசையோ, உங்களில் பலரே ஒத்துக்கொள்வதுபோல, பெயருக்கும் தோல்வி எண்ணிக்கைக்கும் மயங்குவது. நாடெங்கும் இருக்கும் சின்னக் கல்லூரிப் பையன்களின் ஆட்டத்தை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? ஆக மூன்றில் இரண்டு அளவுகோல், தோல்வியைத் தோல்வியாக மட்டும் எண்ணுகின்றன. 17-11 என்பது .607. கோட்டுக்குக் கீழே. 24-5 என்பது .828. கோட்டுக்கு மேலே. முந்தைய வருடத்துப் பையன்தான் நல்ல மல்லன். தகப்பன் என்பதால் சொல்லவில்லை, இரண்டு வருடமும் அவன் கடிகாரத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அந்த ஆண்டின் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் தரத்தில் இருப்பவரிடம் தோற்ற ஆட்டத்தை வெற்றி விகிதக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தரத்தை உங்கள் ஆர்பிஐ பட்டியலின் முதல் 33 பேரை வைத்தே முடிவுசெய்யலாம். புதிதாக ஒரு கருவியும் வேண்டாம். அப்படிக் கணக்கிட்டால் ஒரு பயிற்சியாளர் தன் பையனை டிசம்பரில் லாஸ் வேகஸுக்கு அனுப்ப இரண்டு முறை யோசிக்க மாட்டார். சப்பை அணிகளிடம் தோற்றவனுக்கு இதில் சலுகை எதுவும் இல்லை. என் மகனின் அந்த மூன்றாம் ஆண்டை இந்தக் கணக்கில் போட்டால் 17-3 வரும். அவனுக்கு இனி பயன் இல்லை. ஆடி முடித்தாயிற்று.

இன்னொன்று ஒதுங்குவதைப் பற்றி. ஜனவரியில் முதல் இடத்துக்காரனும் இரண்டாம் இடத்துக்காரனும் மோதப்போகிறார்கள் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், ஒருவன் ஸ்வெட் ஷர்ட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பான். கான்ஃபரன்ஸ் போட்டியின் கடைசி நாளில் மருத்துவ விலகல்கள் வரிசையாக அறிவிக்கப்படும். இதே விளையாட்டுக்குத்தான் 2015 நவம்பரில் அயோவாவின் கின்னிக் கால்பந்து மைதானத்தில், அயோவாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் மோதியதைப் பார்க்க 42,287 பேர் வெட்டவெளியில் வந்து உட்கார்ந்தார்கள்.

இதில் எனக்கே குழப்பம் உண்டு, மறைக்கவில்லை. எது உண்மையான காயம், எது தந்திரம் என்று மேசையிலிருந்து சொல்ல முடியாது. 2024இல் கார்ட்டர் ஸ்டாரோச்சி முழங்காலில் அடிபட்டுக் கான்ஃபரன்ஸ் போட்டியில் ஆடாமல் விலகினார். நீங்கள் அவருக்கு ஒன்பதாம் தரநிலை கொடுத்தீர்கள். அந்த ஒன்பதிலிருந்து ஏறிப் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு ஐந்தாவது பட்டமும் வாங்கினார், முதல் பிரிவில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அவரை ஒதுங்கியவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நடக்கவே சிரமப்பட்ட பையன் அவர். அவருக்கு நீங்கள் கொடுத்த ஒன்பது நியாயமானது என்றும் நினைக்கிறேன். ஆடாததற்குத் தண்டனை வேண்டாம், ஆடியவனைவிட மேலே வைக்கவும் வேண்டாம். விலகலைத் தோல்வியாக எழுதாமல், தரநிலை போடும்போது ஆடிய ஆட்டங்களுக்கு மட்டும் மதிப்புக் கொடுத்தால் பாதித் தந்திரம் தானாக நின்றுவிடும்.

பயிற்சியாளர்களே, உங்களிடம் ஒன்று. பிப்ரவரி நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமையை எடுத்து, பக்கத்திலிருக்கும் நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரு நாள் போட்டி வையுங்கள். காலையில் ஒரு சுற்று, மதியம் தோற்றவர்களுக்குள், மாலையில் மறுபடி. கோப்பை வேண்டாம், டிக்கெட் வேண்டாம். எங்கள் லீஹை பள்ளத்தாக்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் பிரிவு அணிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெரிய அணிகள் வர மாட்டார்கள் என்பது தெரியும். அவர்களுக்குத் தேவையும் இல்லை, அவர்களிடம் அந்தச் செவ்வாய்க்கிழமை அறை இருக்கிறது.

அப்படி ஒரு நாள் வைத்தால் ரைடிங் டைம் பார்க்க ஆள் தேடாதீர்கள். நான் வருகிறேன். மகனும் வருவான். இப்போது இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் மாலை நேரப் பயிற்சியாளன். அவனுடைய பையன்கள் பன்னிரண்டு வயதில் ஒருவன் தோற்றால் எட்டுப் பேராக அழுகிறார்கள்.

இந்த மடலை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஞாயிறு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டான். “பாவம் மனிதர்” என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான், சொன்னேன். அது சரி என்றான். வேறொரு பத்தியில் ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கடிகாரக்காரன்,
பெத்லகேம், பென்சில்வேனியா